முதல் பந்தியில் நான் கட்டிய அணு

பங்காளிச் சண்டை வந்தால் பஞ்சாயத்துக்குப் போகலாம். மாமியார் சண்டை வந்தால் தனிக்குடித்தனம் போகலாம். சகலை மேல் வருகிற பொறாமைக்குத்தான் எங்கேயும் போக முடியாது. வெளியே சொன்னால் சின்னப் புத்தி என்பார்கள், சொல்லாமல் வைத்திருந்தால் வயிறு எரியும். நான் பல வருஷம் சொல்லாமல் வைத்திருந்து, ஒரே நாளில் மொத்தத்தையும் கொட்டினேன். கொட்டிய இடம் என் மாமனாரின் அறுபதாம் கல்யாணப் பந்தி. (இடம் பார்த்துக் கொட்டுவதில் எனக்கு நிகர் நான்தான்.)

சகலையின் பெயர் குமரேசன். என் மனைவி தேவகியின் தங்கை புருஷன். மருந்துக் கம்பெனி ஒன்றில் விற்பனை மேலாளர். ஆள் உயரம், பல் வரிசை, பேச்சில் தேன். நான் சிரம்பானில் ஓர் இடைநிலைப்பள்ளியில் வேதியியல் ஆசிரியர். என் பேச்சில் சுண்ணாம்புத் தூள்தான் உதிரும். நான் மாமனார் வீட்டுக்குள் நுழைந்தால் மாமியார், "வாங்க மாப்பிள்ள" என்று சொல்லிவிட்டு நாற்காலி தேடப் போவார். அவன் நுழைந்தால் நேராக அடுப்படிக்குப் போவார். கோழிக்கறியில் தொடை அவனுக்கு, கழுத்து எனக்கு. "மூத்தவருக்குக் கழுத்துதான் புடிக்கும்" என்று யாரோ எப்போதோ முடிவு செய்துவிட்டார்கள். என்னைக் கேட்டார்களா? கேட்கவில்லை.

கழுத்தைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது அந்த இலைதான். என் மாமனார் வீட்டு வழக்கப்படி, எந்த விசேஷம் என்றாலும் முதல் பந்தியில் அவர் உட்காருவார். அவருக்கு வலது பக்கத்து இலை மூத்த மாப்பிள்ளைக்கு. மூத்த மாப்பிள்ளை நான். ஆனால் கல்யாணமான கையோடு எனக்குச் சபா மாநிலத்துக்கு மாற்றல் வந்துவிட்டது. கடல் தாண்டிப் போய்ப் பாடம் நடத்திவிட்டுத் திரும்பி வந்து பார்த்தால், அந்த நாற்காலியில் குமரேசனின் உடம்பு பதிந்திருந்தது. "சும்மா காலியா கெடந்துச்சி, சின்னவரு உக்காந்தாரு" என்றார்கள். அப்புறம் யாரும் அவனை எழுப்பவில்லை. நானாகப் போய், "எந்திரி, அது என் எலை" என்று சொல்ல முடியுமா? படித்தவன் ஆயிற்றே. ஆகவே படித்தவன் மாதிரியே உள்ளுக்குள் புழுங்கினேன்.

மாமனார் லிங்கி ஊர்ப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் டிராக்டர் ஓட்டி ஓய்வு பெற்றவர். அறுபதாம் கல்யாணத்தை அந்தத் தோட்டத்துக் கோயில் மண்டபத்திலேயே வைத்துக்கொள்வதாக முடிவாயிற்று. மண்டபத்தைச் சுற்றிச் செம்பனை மரம், முன்னால் கூடாரம், பின்னால் சமையல். வேலைகளைப் பிரித்துக் கொடுத்தார்கள். ஐயர், மேடை, மாலை, புகைப்படம் எல்லாம் குமரேசனுக்கு. எனக்குக் கடைசியாகப் பந்தி வந்தது.

"மாப்பிள்ள, பந்திய நீங்க பாத்துக்குங்க. அக்காமாரு ரெண்டு பேரும் வருவாங்க. சண்ட வராம பாத்துக்கிட்டீங்கன்னா போதும்" என்றார் மாமனார்.

அந்த இரண்டு அக்காக்களையும் பற்றிச் சொல்லியாக வேண்டும். மூத்தவர் புக்கிட் பெலண்டோக்கில் இருப்பதால் எங்களுக்குப் பெலண்டோக் பெரியம்மா. இளையவர் கோலா சாவாவில் இருப்பதால் சாவா பெரியம்மா. (தேவகிக்கு இருவரும் அத்தை. எனக்கு முறைப்படி பெரியம்மா.) தாயில்லாமல் போன தம்பியை வளர்த்தது யார் என்பதுதான் இருவருக்கும் வழக்கு. தூக்கி வளர்த்தவள் நான் என்பார் ஒருவர். ஊட்டி வளர்த்தவள் நான் என்பார் மற்றவர். மாமனாருக்கு அறுபது வயதாகியும் வழக்குக்குத் தீர்ப்பு வரவில்லை. எந்த வீட்டு விசேஷத்திலும் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, சாம்பாரில் தொடங்கி மோர் வரைக்கும் ஒருவரை ஒருவர் குத்திக்கொண்டே சாப்பிடுவார்கள்.

மாமனார் பேசிவிட்டுப் போனதும் எனக்கு மனசுக்குள் ஒரு விளக்கு எரிந்தது. சண்டையில்லாமல் இந்தப் பந்தியை நடத்திக் காட்டினால், "மூத்த மாப்பிள்ள மூத்த மாப்பிள்ளதான்" என்று மண்டபமே சொல்லும். வலது பக்கத்து இலை தானாகவே என்னிடம் திரும்பிவிடும். குமரேசன் மேடையில் மாலையை நேராக்கிக்கொண்டு நிற்கட்டும். நான் விஞ்ஞான முறையில் ஒரு பந்தி போடுகிறேன் பார் என்று கிளம்பினேன்.

அந்த வாரம் சனிக்கிழமை டியூஷனில் நான் நடத்தியது அணு. வழக்கமாக நடத்துகிற பாடம்தான். நடுவில் அணுக்கரு. அதற்குள் நேர் மின்னூட்டம் உள்ள புரோட்டான், மின்னூட்டமே இல்லாத நியூட்ரான். வெளியே எதிர் மின்னூட்டம் உள்ள எலக்ட்ரான். எதிரெதிர் மின்னூட்டம் இழுக்கும், ஒரே மின்னூட்டம் தள்ளும். எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். எல்லாரும் எழுதினார்கள். முன்வரிசையில் இருந்த ஒரு பெண் மட்டும் எழுதாமல் கையைத் தூக்கினாள்.

"சார், ஒரே சார்ஜு தள்ளும்னா, அத்தன புரோட்டானும் நடுவுல எப்படி சார் ஒன்னா நிக்குது? வெடிச்சிப் போவணும்ல?"

நல்ல கேள்வி. எனக்குப் பதில் அரைகுறையாகத்தான் ஞாபகம் இருந்தது. ஆகவே ஆசிரியர்கள் காலங்காலமாகக் கையாளுகிற ஆயுதத்தை எடுத்தேன். "அது பரீட்சைக்கு வராதுமா" என்றேன். அவள் கையை இறக்கிவிட்டாள். (பரீட்சைக்கு வந்தது. அவளுக்கு அல்ல, எனக்கு. அதுவும் அடுத்த வாரமே.)

வீட்டுக்கு வந்து ஒரு பெரிய அட்டையில் மண்டபத்தின் படம் போட்டேன். பெலண்டோக் பெரியம்மா ஒரு புரோட்டான். சாவா பெரியம்மா இன்னொரு புரோட்டான். இருவருக்கும் ஒரே மின்னூட்டம், தம்பிப் பாசம். ஆகவே தள்ளும். ஆகவே முதல் மேசையின் இந்தக் கடைசியில் ஒருவர், அந்தக் கடைசியில் ஒருவர். நடுவில் நியூட்ரான்களாக, யார் எது சொன்னாலும் தலையாட்டுகிற சாதுவான மனிதர்களாகப் பார்த்துப் பொறுக்கி வைத்தேன். சரியாக மத்தியில் மாமனார், மாமியார். மாமனாருக்கு வலது பக்கம் மூத்த மாப்பிள்ளையாகிய நான். குமரேசனைக் கடைசி மேசையில், கை கழுவும் குழாய்க்குப் பக்கத்தில் போட்டேன். எலக்ட்ரான் என்றால் வெளியில்தானே இருக்க வேண்டும்? எனக்கு யார் மேலும் தனிப்பட்ட விரோதம் கிடையாது. எல்லாம் விஞ்ஞானம்.

தேவகி அட்டையை எட்டிப் பார்த்தாள். விளக்கிச் சொன்னேன். இழுக்கும், தள்ளும் எல்லாம் பொறுமையாகக் கேட்டாள்.

"அத்தைங்க ரெண்டு பேரயும் பிரிக்காதீங்க" என்றாள்.

"சண்ட போடுறாங்கள்ல?"

"போடட்டும்லா. பக்கத்துல இருந்து போட்டாத்தான் அது சண்டையோட போவும்."

இது அனுபவத்தின் குரல் என்று இப்போது தெரிகிறது. அன்றைக்கு எனக்கு அது மின்னூட்டம் அறியாத ஒரு பெண்ணின் குரலாகத்தான் கேட்டது. "நீ தங்கச்சி புருஷனுக்கு ஏன் கொழாய்கிட்ட எடம்னு கேக்க வர்ற, அதான?" என்றேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள்.

விசேஷ நாள் காலையிலேயே போய், மேசையில் விரித்த வெள்ளைக் காகிதத்தின் மேல் ஒவ்வொரு இலைக்கும் எதிரே பெயர் எழுதி ஒட்டினேன். எங்கள் பக்கத்துப் பந்தியில் பெயர் ஒட்டுவது என்பது அதுவரை யாரும் கேள்விப்படாத விஷயம். பந்திக்கு எங்களிடம் ஒரே சட்டம்தான். இடம் கண்டால் உட்கார். இடம் இல்லையென்றால் சாப்பிடுகிறவர் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்று, அவர் மோருக்கு வந்துவிட்டாரா என்று பார். எழுந்தால் உட்கார். இந்தச் சட்டத்தை நான் என் அட்டையில் வரையவே இல்லை. இதுவும் பின்னால் பரீட்சைக்கு வந்தது.

கலச நீர் ஊற்றி, ஈர உடை மாற்றி முடிந்தது. தாலி கட்டி முடிந்தது. மாமனாரும் மாமியாரும் பட்டும் மாலையுமாகப் பந்திக்கு வந்தார்கள். ஜனங்கள் பெயர்களைப் பார்த்துத் திகைத்தார்கள். மாமனாரோடு டிராக்டர் ஓட்டிய ஒருவர், "என்னா தம்பி, பரீட்ச ஹாலு மாரி பேரு போட்டு வச்சிருக்கீங்க? கேள்வித்தாளு எப்ப குடுப்பீங்க?" என்று கேட்டார். நான் பெரிய மனுஷத்தனமாகச் சிரித்தேன். பெரியம்மாக்கள் இருவரையும் நானே கையைப் பிடித்து அழைத்துப்போய், ஆளுக்கொரு கடைசியில் அமர்த்தினேன். பிறகு வந்து மாமனாரின் வலது பக்கத்து நாற்காலியை இழுத்தேன். குமரேசன் தன் பெயரைத் தேடிக்கொண்டே குழாய்ப் பக்கம் போவதைப் பார்த்தேன். அந்த ஒரு நிமிஷம் இருக்கிறதே, அதற்காக எத்தனை கோழிக் கழுத்தும் தின்னலாம்.

உப்பு வைத்தார்கள். கூட்டு, பொரியல், அப்பளம் வந்தது. சோறு வந்தது. அப்போதுதான் பெலண்டோக் பெரியம்மா பக்கத்தில் பார்த்தார். தங்கை இல்லை. எதிரில் பார்த்தார். இல்லை. மேசையின் அந்தக் கடைசியில், கண்ணுக்கெட்டிய தூரத்தில் தங்கை உட்கார்ந்திருந்தார்.

"அவதான் எங்கூட உக்கார மாட்டேன்னு சொன்னாளா?" என்று பக்கத்திலிருந்தவரைக் கேட்டார்.

பக்கத்திலிருந்தவர் நான் பொறுக்கி வைத்த நியூட்ரான். யார் எது கேட்டாலும் ஆமாம் சொல்கிற உத்தமர். "ஆமாங்க்கா" என்றார்.

அந்தக் கடைசியில் சாவா பெரியம்மாவும் அதே நேரம் அதே கேள்வியைத் தன் பக்கத்து நியூட்ரானிடம் கேட்டிருக்கிறார். அவரும் உத்தமர்தான்.

பிறகு நடந்ததை மண்டபம் முழுக்கக் கேட்டது. பக்கத்தில் இருந்தால் காதோடு பேசிக்கொள்ள வேண்டிய சண்டையை, தூரத்தில் உட்கார்த்தியதால் இருவரும் கத்தித்தான் போட வேண்டியிருந்தது.

"எம் பக்கத்துல உக்காந்தா ஒனக்குச் சோறு எறங்காதா?"

"நீ ஒதுக்கி வச்சிட்டு என்னயா சொல்ற? தம்பி கல்யாணத்துல என்னய ஓரத்துல போட்டுட்டல்ல?"

"இடுப்புல தூக்கி வளத்தவ நானு."

"தூக்குன. சோறு ஊட்டுனது யாரு?"

மாலையும் கழுத்துமாக நடுவில் உட்கார்ந்திருந்த மாமனார் சோற்றுக்குள் தலையைக் கவிழ்த்தார். அறுபது வயது மாப்பிள்ளையை இடுப்பில் தூக்கியதையும் ஊட்டியதையும் ஊரே கேட்டுக்கொண்டிருந்தது. நான் எழுந்து சமாதானம் செய்யப் போயிருக்க வேண்டும். எழவில்லை. எழுந்தால் நாற்காலி போய்விடுமோ என்று பயம். எத்தனை வருஷம் காத்திருந்து பிடித்த இடம்! உட்கார்ந்தபடியே, "பெரியம்மா, சாப்புடுங்க, சாப்புடுங்க" என்று இரண்டு பக்கமும் திரும்பிச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பெலண்டோக் பெரியம்மா சோற்றில் கை வைக்காமல் எழுந்துவிட்டார். பந்தியில் பெரியவர் எழுந்தால் பந்தி முடிந்தது என்று அர்த்தம். அவர் எழுந்ததும் அவர் மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் எழுந்தார்கள். நாங்கள் மட்டும் இளைத்தவர்களா என்று சாவா பெரியம்மா குடும்பமும் எழுந்தது. நாற்காலிகளுக்குப் பின்னால் இரண்டாம் பந்திக்காரர்கள் பசியோடு நின்றுகொண்டிருந்தார்கள் அல்லவா? அவர்களுக்குச் சண்டையும் தெரியாது, மின்னூட்டமும் தெரியாது. எழுந்தால் உட்கார். அத்தனை பேரும் தொப்பென்று உட்கார்ந்துவிட்டார்கள். அவர்கள் விட்ட இடத்தில் மூன்றாம் பந்திக்காரர்கள் வந்து நின்றார்கள். (உள்வட்டத்தில் இடம் காலியானால் வெளிவட்டத்து எலக்ட்ரான் உடனே இறங்கி வரும், வரும்போது சக்தியை வெளிவிடும் என்று நான்தான் பாடம் நடத்துவேன். நேரில் பார்த்தது அன்றைக்குத்தான். வெளிவந்த சக்தியில் பாதி கெட்ட வார்த்தை.)

அக்காக்களைச் சமாதானம் செய்ய மாமனார் எழுந்தார். மாமியாரும் கூடவே எழுந்தார். நான் கண்மூடித் திறப்பதற்குள், கூடாரம் கட்ட வந்த ஆள் ஒருவர் மாமனாரின் நாற்காலியில் உட்கார்ந்து, மாமனாரின் சோற்றைப் பிசைய ஆரம்பித்துவிட்டார்.

"அண்ணே, அந்த அப்பளத்த இப்டித் தள்ளுங்க" என்றார் என்னைப் பார்த்து.

தள்ளினேன். வேறு என்ன செய்ய? நான் ஆசைப்பட்டதெல்லாம் அந்த வலது பக்கத்து இலை. அது என்னிடம்தான் இருந்தது. கூடாரக்காரருக்கு வலது பக்கத்தில் நான் கம்பீரமாக உட்கார்ந்திருந்தேன்.

இந்த நேரத்தில் குமரேசன் எங்கே இருந்தான் என்று கேட்டால் சரியாகச் சொல்ல முடியாது. குழாய்ப் பக்கம் தன் இலையில் அவன் இல்லை. பரிமாற ஆள் பற்றவில்லை என்று எழுந்து போயிருக்கிறான். ஒரு கணம் சமையல் பக்கம் தெரிந்தான், ஒரு கணம் மூன்றாம் மேசையில் தெரிந்தான். கடைசியாக அவன் பாயாச வாளியோடு, அக்காவிடம் கெஞ்சிக்கொண்டு நின்ற மாமனாருக்குப் பின்னால் தோன்றியபோது, பெலண்டோக் பெரியம்மாவின் மகன் வழியில் கிடந்த ஒரு நாற்காலியைக் கோபமாகத் தள்ளினான். வாளி சாய்ந்தது. மாமனாரின் அறுபதாம் கல்யாணப் பட்டு வேட்டி முழுக்கச் சேமியாப் பாயாசம்.

மண்டபமே என்னைத் திரும்பிப் பார்த்தது. வாளி அவன் கையில், பழி என் தலையில். இதைவிட அவனுக்கு வேறென்ன யோகம் வேண்டும்?

அதற்குள் பெரியம்மாக்கள் இருவரும் இரண்டு கோடியிலிருந்தும் ஒருவரை நோக்கி ஒருவர் வர ஆரம்பித்தார்கள். முந்தானை இடுப்பில், முகம் சிவப்பில். அடிதடிதான் என்று முடிவு செய்து, அப்போதுதான் நாற்காலி ஆசையை விட்டு எழுந்து ஓடி, இருவருக்கும் நடுவில் கையை விரித்துக்கொண்டு நின்றேன். நெருங்கினார்கள். இன்னும் நெருங்கினார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

அடி விழவில்லை. ஒரு கை என் வலது தோளைப் பிடித்தது, ஒரு கை இடது தோளைப் பிடித்தது. பக்கத்தில் கிடந்த மூன்று நாற்காலிகளில் என்னை நடுவில் போட்டு, ஆளுக்கொரு பக்கம் ஒட்டி உட்கார்ந்தார்கள்.

"இவரே சொல்லட்டும்" என்றார் பெலண்டோக் பெரியம்மா. "நீ கேட்டியா, நான் கேட்டனா?"

"நான்தான் பெரியம்மா பிரிச்சி வச்சேன். ரெண்டு பேரும் கேக்கல" என்றேன்.

இருவரும் ஒரே நேரத்தில் பெருமூச்சு விட்டார்கள். அப்புறம் ஒரே நேரத்தில் என்னைத் திட்டினார்கள். திட்டி முடித்ததும், "எல போடுங்கப்பா, பசிக்கிது" என்றார் சாவா பெரியம்மா. இலை வந்தது. சோறு வந்தது. என் இலைக்கு மேலாகவே ஒருவரை ஒருவர் குத்திக்கொண்டு, நிம்மதியாகச் சாப்பிட்டார்கள். மண்டபம் அடங்கியது. குமரேசன் புதிதாக மேசை விரித்து, இலை போட்டு, எழுந்தவர்களை உட்காரவைத்து, எல்லாவற்றையும் ஒழுங்காக்கினான். மாமனார் சமையல்காரரிடம் கைலி இரவல் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்து எதிரே அமர்ந்தார். பட்டுச் சட்டை, ரோஜா மாலை, கட்டம் போட்ட கைலி. அந்தப் படம் இன்றைக்கும் அவர் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. நான் போகும்போதெல்லாம் அதற்கு நேர் எதிரே எனக்கு நாற்காலி போடுகிறார்கள்.

வெட்கத்தில் மறுநாளே பல்கலைக்கழகப் புத்தகத்தைத் தூசி தட்டி எடுத்தேன். பரீட்சைக்கு வராது என்று நான் ஒதுக்கிய பகுதியில்தான் எல்லாமே எழுதியிருந்தது. அடுத்த சனிக்கிழமை அந்தப் பெண்ணை எழுப்பி, அவள் கேள்விக்குப் பதில் சொன்னேன். புரோட்டானும் புரோட்டானும் தள்ளிக்கொள்வது உண்மைதான். ஆனால் மின்விசைக்கு மேல் இன்னொரு விசை இருக்கிறது. பெயரே வலுவிசை. அது எல்லாவற்றையும்விடப் பலமானது, ஆனால் தூரத்துக்கு எட்டாது. ஒட்டி இருந்தால்தான் பிடிக்கும், கொஞ்சம் விலக்கினால் விட்டுவிடும். விட்டால் மிச்சம் இருப்பது தள்ளுகிற சண்டை மட்டும்தான். அப்போது வெடிக்கும். நியூட்ரானுக்கு மின்னூட்டம் இல்லை, ஆகவே தள்ளாது. ஆனால் வலுவிசை உண்டு, ஆகவே பிடிக்கும். சண்டையைக் கூட்டாமல் பிடிப்பை மட்டும் கூட்டுகிற பிறவி அது. அதன் வேலை புரோட்டான்களைப் பிரித்து வைப்பது இல்லை. நடுவில் ஒட்டி இருப்பதுதான்.

"அப்ப எலக்ட்ரான் ஏன் சார் உள்ள விழல? அதத்தான இழுக்குது?" என்றாள். அந்தப் பெண் என்னை விடுவதாக இல்லை.

எலக்ட்ரானுக்கு வலுவிசை கிடையாது. ஆகவே கருவுக்குள் ஒட்டாது. மின்விசை உள்ளே இழுக்கத்தான் செய்கிறது. ஆனால் எலக்ட்ரான் மிகவும் லேசு. குறும்புப் பிள்ளையைச் சின்ன அறையில் அடைத்தால் எப்படி இன்னும் அதிகமாகக் குதிக்குமோ, அப்படி இடம் சுருங்கச் சுருங்க அதன் துள்ளல் கூடும். இழுப்பும் துள்ளலும் சரிக்குச் சரியாகிற தூரத்தில் அது நிற்கும். நிற்கும் என்றால் ஓர் இடத்தில் நிற்காது. இங்கே இருக்கலாம், அங்கே இருக்கலாம் என்றுதான் சொல்ல முடியும். உள்வட்டத்தில் இரண்டு பேருக்குத்தான் இடம். அது நிறைந்தால் மற்றவர்கள் அடுத்த பந்தி. இதைச் சொல்லும்போது எனக்குக் குமரேசனும் வாளியும் கண் முன்னால் வந்து போனார்கள்.

"இது பரீட்சைக்கு வருமா சார்?"

"வரும்மா. கல்யாணத்துல வரும்" என்றேன்.

இந்தப் பாடத்தை வாய்க்கொழுப்பில் தேவகியிடம் சொன்னேன். அவள் தங்கையிடம் சொன்னாள். அன்றிலிருந்து அந்தக் குடும்பத்தில் என் பெயர் நியூட்ரான் மாப்பிள்ளை. எந்த விசேஷமானாலும் பெலண்டோக் பெரியம்மாவுக்கும் சாவா பெரியம்மாவுக்கும் நடுவில்தான் என் இலை. ஒருவர் சொல்வதற்கும் தலையாட்ட வேண்டும், மற்றவர் சொல்வதற்கும் தலையாட்ட வேண்டும், கருத்து மட்டும் சொல்லக் கூடாது. ஒருமுறை தப்பித்து வெளியே மோட்டார் நிறுத்துகிற இடத்தில் ஆண்களோடு போய் நின்றேன். கருவுக்கு வெளியே தனியாக விடப்பட்ட நியூட்ரான் கால் மணி நேரம் தாங்குவதே பெரிது என்கிறது புத்தகம். எனக்கு அவ்வளவுகூடக் கிடைக்கவில்லை. "நியூட்ரான் எங்க போனாரு?" என்று பெலண்டோக் பெரியம்மாவே கூடாரத்துக்கு வெளியே வந்துவிட்டார்.

பந்திப் பொறுப்பு அன்றோடு குமரேசனுக்குப் போய்விட்டது. எந்த வீட்டு விசேஷம் என்றாலும் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு அவன்தான் நடத்துகிறான். "குமரேசன் இல்லாட்டி பந்தியே இல்ல" என்கிறார்கள். மாமியார் அவன் நெற்றி வியர்வையைத் துடைக்காத குறை. எனக்கு வயிறு எரிந்துகொண்டுதான் இருந்தது. மாமனாரின் வலது பக்கத்து இலையில் இப்போது பேரப்பிள்ளை ஒன்று உட்காருகிறது.

சென்ற மாதம் பெலண்டோக் பெரியம்மா மகன் புது வீடு கட்டிக் குடிபோனான். வழக்கம்போல நடுவில் நான். வழக்கம்போல வாளியோடு குமரேசன். என் இலைக்கு வந்தவன் சட்டென்று குனிந்து, காதருகே பேசினான்.

"ஒங்களுக்கு என்னாண்ணே, ராஜா மாரி உக்காந்துட்டீங்க. நான் இந்தக் குடும்பத்துப் பந்தியில எலயில உக்காந்து சாப்ட்டு எத்தன வருஷமாச்சு தெரியுமா? எல்லாம் முடிஞ்சி, சட்டிகிட்ட நின்னுக்கிட்டுத் திங்கறேன். அன்னிக்கி கொழாய்கிட்டயாச்சும் எம் பேருக்கு ஒரு எல இருந்துச்சி."

நிமிர்ந்து பார்த்தேன். வியர்த்துக் கறுத்திருந்த அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். சபாவிலிருந்து வந்த பிறகு எடுத்த ஒவ்வொரு குடும்பப் படத்திலும் ஓரமாக நிற்கிற என் முகம்தான் அது. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு மனசு இளகிவிட்டது. "இப்டி உக்காரு, வா" என்று என் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தினேன்.

"இங்க எடம் இல்ல" என்றார்கள் பெரியம்மாக்கள் இருவரும்.

அவர்கள் இருவரும் ஒரே வார்த்தையை ஒரே நேரத்தில் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் முறை. குமரேசன் என்னைப் பார்த்தான். நான் என்ன செய்ய முடியும் என்பதுபோல் கையை விரித்தேன். பிறகு அந்தக் கையாலேயே இலையைக் காட்டி, "பாயாசம் இன்னும் ஒரு கரண்டி ஊத்து" என்றேன். ஊற்றினான்.

பெலண்டோக் பெரியம்மா என் இலையை எட்டிப் பார்த்தார். பிறகு எனக்கு மேலாகச் சாய்ந்து, தங்கையிடம் சொன்னார்.

"பாத்தியாடி, அவருக்கு மட்டும் ரெண்டு கரண்டி."

"நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றார் சாவா பெரியம்மா. "நமக்கு ஒன்னுதான்."

குமரேசன் இன்னும் நகரவில்லை. மூன்று பேரும் என் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அவசரப்படாமல் சாப்பிட்டேன்.